பச்சை நூல் கட்டிய குட்டி

காக்களூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். செக்கிங் பிரிவு. நாள் முழுக்க வாஷர்களைக் கையில் எடுத்து, விளிம்பைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதை நீலக் கூடையிலும் கெட்டதைச் சிவப்புக் கூடையிலும் போட வேண்டும். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் இருக்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் இருவருடைய பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி ராஜபாளையம் நாய் வளர்க்கிறாள், அதைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய் மைதானத்தில் ஓடிக் காட்டுகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். போகப்போகப் பழகிவிட்டது. இப்போது சர்ச்சில் என்னைப் பார்த்தால் என்னை விட்டுவிட்டு நாயைத்தான் விசாரிக்கிறார்கள்.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தது வீட்டுக்காரர்தான். கூட வேலை செய்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது ஐந்து மாதக் குட்டியாக விட்டுப்போனார். எலும்பும் தோலுமாக, காதெல்லாம் உண்ணியோடு இருந்தது. உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கேழ்வரகுக் கஞ்சியும் கோழிக் கழுத்தும் வேகவைத்துப் போட்டு, ஆறு மாதத்தில் அது நிமிர்ந்து நின்றபோது தெருவே நின்று பார்த்தது. பால் வெள்ளை. ரோஸ் நிற மூக்கு. நடந்தால் கால் தரையில் படுகிறதா இல்லையா என்று தெரியாத நடை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு வெள்ளை நாயை வெள்ளையாக வைத்திருப்பது என்ன பாடு என்று வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் துடைத்துவிட்டு வேலைக்குப் போனால் சாயந்திரம் சாம்பல் பூசிய மாதிரி நிற்கும்.

காலை நாலரைக்கு எழுந்து, பின்பக்கம் ஷீட் போட்ட இடத்தை பினாயில் ஊற்றிக் கழுவி, அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நாயோடு ஏரிக்கரைக்குப் போவேன். அங்கேதான் ஓட்டப் பயிற்சி. கண்காட்சியில் நாய் இழுக்கவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. நம் இடது பக்கம், ஒரே சீராக ஓடிவர வேண்டும். நின்றால் நான்கு காலும் சரியாக ஊன்றி நிற்க வேண்டும். நடுவர் வந்து வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், அப்போது உறுமக்கூடாது. இதையெல்லாம் செல்போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் கண்காட்சிக்குச் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்துக்கு லோடு ஆட்டோ பிடித்துப் போனோம். சுற்றிலும் பெரிய பெரிய கார்கள், நாய்க்கென்றே மின்விசிறி, மடக்கு மேஜை. நான் சுடிதாரும், விடுதியில் படிக்கிற எங்கள் பையனுடைய பழைய கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு ஓடினேன். மூன்றாம் இடம் கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் நாட்டு இன வகுப்பில் முதலிடம்.

அந்த முதலிடம் வாங்கிய அன்றுதான் ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கிராமத்திலிருந்து வந்த கணவன் மனைவி இருவரைச் சந்தித்தேன். சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தவர்கள். மகன் கண்காட்சி பார்க்கக் கூட்டி வந்திருக்கிறான். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். சொந்த நிலம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார்களாம். மோட்டார் கொட்டகையில் கேபிள் ஒயரை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், காவலுக்கு நல்ல நாய் வேண்டும் என்றார் ஐயா. அவர் மனைவி என் நாயின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டே நின்றார். இது ஈன்றால் முதல் குட்டி எங்களுக்கு, நாங்களே வந்து பொறுக்கிக்கொள்கிறோம் என்று சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். சரி என்றேன்.

நாயைச் சேர்த்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரொம்ப வருஷமாக ராஜபாளையம் வளர்க்கிற ஒருவருடைய ஆண் நாயோடு. அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கண்காட்சிக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எந்தத் தடுப்பூசி எப்போது என்பதையெல்லாம் அவரிடம்தான் கேட்போம். அறுபத்து மூன்றாம் நாள் ஏழு குட்டிகள். நான்கு பெண், மூன்று ஆண். ஏழும் வெள்ளை. எது எது என்று தெரியாததால் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல் கட்டினேன். சிவப்பு நூல் கட்டிய ஆண் குட்டி கண் திறந்த நாளிலிருந்தே தனியாகத் தெரிந்தது. தோள், கழுத்து, நிற்கும் விதம் எல்லாம் அம்மாவைவிட ஒரு படி மேல். அதை நான் வைத்துக்கொண்டு கண்காட்சிக்குத் தயார்செய்வது என்று முடிவுசெய்துவிட்டேன். பச்சை நூல் கட்டியது பெண். கொஞ்சம் முரடு. விளையாடும்போது மற்ற குட்டிகளைக் கத்தக் கத்தக் கடிக்கும், விடாது. குணம் அப்படி என்று நினைத்தேன்.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வழக்கம்போலத் தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டே பின்பக்கம் போனேன். ஆறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவந்தன. பச்சை மட்டும் மூலையில் கோணிமேல் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அசதியாக இருக்கும் என்று நினைத்து இன்னும் பக்கத்தில் போய்த் தட்டினேன். வயிறு மட்டும் ஏறி இறங்கியது. தலைக்குப் பக்கத்தில் குனிந்து ஓங்கித் தட்டினேன். கண் திறக்கவில்லை. என் மூச்சுக் காற்று முகத்தில் பட்டதும் திடுக்கென்று எழுந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டி, மூக்கை நக்கியது.

மற்ற குட்டிகளோடு இருக்கும்போது அவை எழுந்தால் இதுவும் எழும், அவை ஓடினால் இதுவும் ஓடும். அதனால்தான் ஐந்து வாரமாகத் தெரியவில்லை. தனியாகச் சமையலறைக்குத் தூக்கிப்போய் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை உலுக்கினேன், குக்கர் மூடியைத் தரையில் போட்டேன். அது தன் நிழலோடு விளையாடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு திருவள்ளூரில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். நிதானமான மனிதர். பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்தார், விசில் ஊதிப் பார்த்தார். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது, இந்த மாதிரி வெள்ளை இனங்களில் அவ்வப்போது வரும், வைத்தியம் கிடையாது என்றார். மற்றபடி நன்றாக வாழும். ஆனால் காவலுக்குக் கொடுக்காதீர்கள், ரோட்டில் அவிழ்த்து விடாதீர்கள், குட்டி போட விடாதீர்கள், யார் எடுத்தாலும் சொல்லிக் கொடுங்கள் என்றார். சரி சார் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

“கம்முனு குடுத்துடும்மா. அவங்க கண்டுபிடிக்கறதுக்கே மாசம் ஆவும். அப்புறம் இன்னா, அடிபட்டுச்சி, காய்ச்சல் வந்துச்சின்னு சொல்லிக்கலாம். போன ஈத்துலயும் ஒன்னு இப்டித்தான் இருந்துச்சி.”

அவர் நாய்க்குப் பிறந்த போன ஈத்திலேயே இருந்தது என்று எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். குட்டியை நினைத்து அழுதது பாதி, அந்த மனிதரை இத்தனை நாள் அண்ணன் என்று கூப்பிட்டதை நினைத்து அழுதது பாதி.

பச்சையை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவுசெய்தோம். ஊத்துக்கோட்டைக்காரர்கள் வரும் அன்று அதைச் சமையலறையில் அடைத்துவிட்டு, சிவப்பை மட்டும் எங்களுக்கென்று சொல்லிவிட்டு, மீதி ஐந்தையும் காட்டுவது என்று ஏற்பாடு.

எட்டாவது வாரம் ஒரு ஞாயிறு சாயந்திரம் காரில் வந்தார்கள். நான் காலையிலிருந்து வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குட்டிக்காக இல்லை. நிலம் வைத்திருக்கிற பெரிய குடும்பத்து ஆட்கள் என் வீட்டுக்குள் வந்து உட்காருவது அதுதான் முதல் தடவை. என் அம்மா இப்படிப்பட்ட வீடுகளின் பின்கட்டில் நின்று கையேந்தித் தண்ணீர் குடித்தவள். டீ போடவா என்று கேட்பதற்கே எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்காமலே போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். அந்தம்மா உடனே வாங்கிக்கொண்டார். ஐயா டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, இஞ்சி நல்லா இருக்கு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குட்டிகளைக் கூடத்தில் விட்டோம். அந்த நேரம் பார்த்து காற்று அடித்து, வாசல் தகரக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஐந்து குட்டிகளும் சிதறிக் கட்டிலுக்கு அடியில் ஓடின. சமையலறைக் கதவை நான் சரியாகத் தாழ் போடவில்லை போலிருக்கிறது. பச்சை அதை முட்டித் திறந்துகொண்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவில், ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வந்து அந்தம்மாவின் பாதத்தின்மேல் உட்கார்ந்தது.

ஐயா முன்னால் குனிந்து பார்த்தார். “எல்லாம் ஓடிப்போச்சி. இது பாரு, கண்ணுகூடச் சிமிட்டல. மோட்டார் கொட்டாய்க்கு இதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கொறை ஒன்னும் இல்லையேம்மா?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

“இல்லீங்கய்யா” என்றேன்.

அவ்வளவுதான். அந்தம்மா குட்டியை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரர், சொல்லியிருக்கலாம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? போன் அடித்தால் அவர்கள்தானோ என்று பயம். அடிக்காவிட்டால் அதைவிட மோசம். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். கம்பெனியில் ஒரு நாள் கெட்ட வாஷர் அரைக்கூடை நீலக் கூடையில் கிடந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கண்ணை மூடினால் ஒரே காட்சிதான். ஊத்துக்கோட்டை ரோட்டில் ஆந்திராவுக்குப் போகிற லாரிகள் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் பச்சை குட்டி நடந்து போகிறது, பின்னால் லாரி ஆரன் அடிக்கிறது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில், சர்ச்சில், வாஷரை வெளிச்சத்தில் பிடிக்கும்போது, எங்கேயும் இதே காட்சி. ஏரிக்கரைக்கு ஓட்டப் பயிற்சிக்குக்கூடப் போகவில்லை. தாய் நாய் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் போட்டுவிட்டு நிற்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

போன் போட்டுச் சொல்லிவிடு என்றார் வீட்டுக்காரர். எனக்கு போனில் சொல்ல வாய் வராது என்று தெரியும். இன்னொரு “இல்லீங்கய்யா”தான் வரும். ஒன்பதாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

“சிவப்பை எடுத்துக்கினு நேரா போறேன். அதக் குடுத்துட்டு இத வாங்கியாந்துடறேன்.”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். சிவப்பை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் புதிதாக மெல்லிய கழுத்துச் சங்கிலி வாங்கி, நிற்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். அடுத்த கண்காட்சிக்குக் குட்டிகள் வகுப்பில் பெயர் கொடுப்பது பற்றிக்கூடப் பேசியிருந்தோம்.

“நல்லா யோசிச்சியா?” என்றார்.

“யோசிச்சா போவ மாட்டேன்” என்றேன்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொன்னேன். அவருக்கு ஷிப்ட் இருந்தது. நான் சிவப்பை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, திருவள்ளூர் பஸ் நிலையத்தில் ஊத்துக்கோட்டை பஸ் ஏறினேன். கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யார்மேலாவது ஏறினால் இறக்கி விட்டுவிடுவேன் என்று சொல்லிப் போனார். குட்டி யார்மேலும் ஏறவில்லை. பூண்டி தாண்டும்வரை கூடை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ. கிராமத்து முனையில் இறங்கி, மோட்டார் கேபிள் திருடுபோன வீடு எது என்று கேட்டதும் கைகாட்டினார்கள். நெல் காயப்போட்டிருந்த சிமென்ட் களத்தைத் தாண்டி நடந்தேன். நாய் இருக்குமா, இருந்தால் எந்த நிலையில் இருக்கும், ஒன்றும் தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நின்றேன்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. கிணிகிணியென்று, ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி சின்ன மணி. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து பச்சை ஓடிவந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. பச்சை நூல் போய் கழுத்தில் தோல்பட்டை, அதில் அந்த மணி. என்னை மோப்பம் பிடித்ததும் உடம்பெல்லாம் வளைந்து வாலை ஆட்டியது. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறது. அந்த நிமிஷத்துக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தம்மா முறத்தில் வேர்க்கடலையோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும், வாம்மா என்றார், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நான் நின்றபடியே ஆரம்பித்தேன். அம்மா, உங்ககிட்ட ஒன்னு மறைச்சிட்டேன், இந்தக் குட்டிக்கு... என்று சொல்லும்போதே அவர் குட்டியின் கழுத்து மணியை விரலால் தட்டினார்.

“அதுக்கு நம்ம சத்தம் கேக்காது. அதோட சத்தமாவது நமக்குக் கேக்கட்டும்னு கட்டிவுட்டேன்” என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டதாம். வாசலில் தூங்கிக்கொண்டிருந்த குட்டிக்கு ஓரடி தள்ளி டிராக்டரைக் கிளப்பியிருக்கிறார்கள், அது புரண்டுகூடப் படுக்கவில்லை. ஐயாவுக்குக் கோபம் வந்து எனக்கு போன் போடப் போனாராம், அந்தம்மாதான் தடுத்தாராம். ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டேன். போன் போட்டால் நீ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாய் அல்லவா என்றார். பிள்ளைகள் சென்னைக்குப் போனபிறகு இந்த வீட்டில் தன் காலடியில் யாரும் படுத்ததில்லை, இது முதல் நாளே வந்து படுத்துவிட்டது என்றார். கூப்பிட வேண்டுமென்றால் குதிகாலால் தரையில் இரண்டு உதை. அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். பார்த்ததும் கையைக் காட்டினால் வரும். எட்டு நாளில் அவரே கண்டுபிடித்த வழி. எனக்குச் செய்து காட்டினார். பச்சை திரும்பியது, வந்தது.

ஐயா வயலிலிருந்து வந்தபோது நான் எழுந்து நின்றேன். அவர் கால் கழுவிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் எதிரில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

“காது கேக்காதது நாய் மேல தப்பு இல்ல. உன் மேலயும் தப்பு இல்ல. நான் ஒன்ன நேரா கேட்டேன். நீ இல்லைன்ன. அது ஏன்?”

இருந்ததைச் சொன்னேன். “நீங்க எங்க ஊட்ல டீ குடிச்சீங்கய்யா. அந்த நேரத்துல கொறை இருக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

அவர் களத்தில் காயும் நெல்லைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், கூடையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

சிவப்பை எடுத்து வெளியே விட்டேன். இதுதான் ஈத்திலேயே நல்ல குட்டி, காது இரண்டும் துல்லியம், நான் எனக்கென்று வைத்திருந்தது, இதை வைத்துக்கொண்டு பச்சையைக் கொடுங்கள் என்றேன். ஐயா இருபதடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நாக்கால் லேசாக ஒரு சொடுக்குப் போட்டார். சிவப்பு தலையைத் தூக்கி, நான் ஏரிக்கரையில் கற்றுக்கொடுத்த மாதிரி நான்கு காலையும் ஊன்றி நின்று, அவரை நேராகப் பார்த்தது. அவர் முகம் இளகியது. அப்போதுதான் அவரும் சிரிப்பார் என்று தெரிந்தது.

“இது கொட்டாய்க்கு” என்றார்.

“இது எனக்கு” என்றார் அந்தம்மா, பச்சையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. கொடுக்கிற பேச்சே கிடையாது என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது. ஐயா இரண்டாவது குட்டிக்கு என்ன தர வேண்டும் என்று ஆரம்பித்தார். தயவுசெய்து அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்றேன். அவரும் மறுபடி எடுக்கவில்லை.

மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும், பத்து நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை, அப்போதுதான் வரிசையாகச் சொன்னேன். ரோட்டுப் பக்கம் விடக்கூடாது, தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, ஒரு வயதுக்குள் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்துவிட வேண்டும். அந்தம்மா மகனை விட்டு போனில் எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மத்தியானம் உள்ளே மேஜை முன்னால் உட்காரவைத்து எனக்குச் சோறு போட்டார், கூட உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். ஐயா எங்களோடு உட்காரவில்லை, குளிக்கப் போனார். அது எதனால் என்று நான் யோசிக்கவில்லை. அன்று எனக்கிருந்த நிம்மதியில் அதற்கு இடமில்லை. முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும். ஒன்பது நாளுக்கப்புறம் சோறு சோறாகவே ருசித்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

திரும்பும்போது சிவப்பு களத்து ஓரம் வரைக்கும் பின்னால் வந்தது. வராதே என்று கையைக் காட்டினேன், நின்றது. அழுகை வந்தது, ஆனால் ஒன்பது நாளாக நெஞ்சில் இருந்த பாரம் அதில் இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. காலையில் பார்த்த அதே கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் திருவள்ளூர் நிலையத்துக்குள் காலியாக நின்றுகொண்டிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. நாயைத் தொலைத்துவிட்டீர்களா என்று கூடையைக் காட்டிக் கேட்டார் அவர். இல்லை, நல்ல இடத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் நேராகப் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். கூடையை எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“பச்சை எங்க?”

“ரெண்டும் அங்கதான்.”

நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். சிவப்பு போனதில் அவருக்கும் வருத்தம்தான். ஆனால் மணி கட்டிய விஷயத்தைச் சொன்னதும் நின்று, அந்தம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

கும்மிடிப்பூண்டிக்காரரை நான் அதற்கப்புறம் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. அவர் நாயோடு யாராவது சேர்க்கப் போனால், எங்கள் ஈத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு என்மேல் கோபம். கண்காட்சியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தாய் நாயை மறுபடி நான் சேர்க்கவில்லை. இனி குட்டி வேண்டாம், ஓடட்டும், ஓட்டம்தான் அதற்குப் பிடிக்கும். மீதிக் குட்டிகளை எடுத்த ஐந்து வீட்டுக்கும் ஒவ்வொருவராக போன் செய்து, தனியாக வைத்துச் சாவிக்கொத்தை உலுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து பேரும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஐந்துக்கும் கேட்கிறது. கடைசியாகக் கூப்பிட்டவர் மட்டும், சாவியை உலுக்கியதும் நடுக்கூடத்திலேயே மூத்திரம் போய்விட்டது, கேட்கிறதா இல்லையா என்று கேட்டார். நன்றாகவே கேட்கிறது சார் என்று சொல்லிவிட்டு, போனை வைத்து, கயிற்றை எடுத்துக்கொண்டு நாயோடு ஏரிக்கரைக்குக் கிளம்பினேன்.